மாடு மேய்க்க ஆஸ்திரேலியா!

“ஒழுங்காகப் படி! இல்லாவிட்டால் மாடுதான் மேய்ப்பாய்!”

சங்கராபுரம் பக்கத்தில் இந்த வசவைக் கேட்காத பிள்ளை உண்டா? இப்போது காலம் தலைகீழாக மாறிவிட்டது. படித்த பிள்ளைகள்தான் மாடு மேய்க்கப் போகிறார்கள். நம் ஊரில் அல்ல. கடல் கடந்து ஆஸ்திரேலியாவில்!

அதற்குக் குலுக்கல் வேறு நடக்கிறது. இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1,000 இடம். 2024 அக்டோபரில் முதல் குலுக்கல் தொடங்கியது. இரண்டே வாரத்தில் சுமார் 40,000 பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். நாற்பது பேருக்கு ஓர் இடம்!

இது என்ன விசா?

இதற்கு ‘வேலையும் விடுமுறையும்’ விசா என்று பெயர். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒரு வணிக ஒப்பந்தம் செய்துகொண்டன. அது 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் பலனாகக் கிடைத்ததே இந்த விசா.

முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஓர் ஆண்டு நாட்டைச் சுற்றிப் பார்க்கலாம். கைச்செலவுக்கு அங்கங்கே வேலை செய்யலாம்.

வயது 18 முதல் 30 வரை இருக்க வேண்டும். பிளஸ் டூவுக்குப் பிறகு 2 ஆண்டாவது படித்திருக்க வேண்டும். ஆங்கிலம் தெரிய வேண்டும். செலவுக்கு 5,000 டாலர் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். 2024-ல் அவர்கள் டாலர் ஒன்று சுமார் 55 ரூபாய். அந்தக் கணக்கில் இது 2 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய். விசாக் கட்டணமும் விமானச் செலவும் தனி.

மாடு எங்கே வந்தது?

ஊர் சுற்றப் போனவர் மாட்டுப் பண்ணைக்கு ஏன் போகிறார்?

காரணம் உண்டு. இரண்டாம் ஆண்டும் தங்க ஆசைப்பட்டால், முதல் ஆண்டில் 3 மாதம் ‘குறிப்பிட்ட வேலை’ செய்திருக்க வேண்டும். அதையும் அரசு குறித்துள்ள பகுதியில் செய்ய வேண்டும். மாடு வளர்ப்பு அந்த வேலைகளில் ஒன்று. பட்டணத்துக்காரர்கள் வரத் தயங்கும் இடத்துக்கு ஆள் சேர்க்கும் வழி இது!

அங்கே பண்ணை என்றால் நம் ஊர்த் தொழுவம் போல என்று நினைக்காதீர்கள். தென் ஆஸ்திரேலியாவில் ‘அன்னா கிரீக்’ என்று ஒரு பண்ணை இருக்கிறது. அதன் பரப்பு பல ஆயிரம் சதுர கிலோமீட்டர். நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைப் போலப் பல மடங்கு!

இத்தகைய பெரும் பண்ணைகளில் கோலை எடுத்துக்கொண்டு மாட்டின் பின்னால் நடக்க முடியாது. குதிரையிலும் மோட்டார் சைக்கிளிலும் போய் மாட்டை வளைக்கிறார்கள். ஹெலிகாப்டரில் பறந்தும் விரட்டுகிறார்கள்! வேலி பழுது பார்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டிகளைக் கவனிக்க வேண்டும். கடும் வெயில். பல இடங்களில் செல்போன் எடுக்காது.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அங்கே வட பகுதியில் மேயும் ‘பிராமன்’ மாடு நம் நாட்டுத் திமில் மாடுகளின் வம்சம். ஓங்கோல், கிர் போன்ற இனங்களை அமெரிக்கர்கள் கலந்து உருவாக்கினார்கள். 1933-ல் அது ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. வெயிலையும் உண்ணியையும் தாங்குவதால் அங்கே நிலைத்துவிட்டது. முன்னே மாடு போயிற்று. பின்னே நம் பிள்ளை போகிறான்!

கூலி எவ்வளவு?

2024 ஜூலையில் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24 டாலர் 10 சென்ட். நம் பணத்தில் சுமார் 1,325 ரூபாய். பசும்பாலுக்கு 2024-ல் ஆவின் தந்த விலை, 2023 டிசம்பரில் அறிவித்த ஊக்கத்தொகை 3 ரூபாயையும் சேர்த்து, லிட்டருக்கு 38 ரூபாய். அந்தக் கணக்கில் அங்கே ஒரு மணி நேரக் கூலி இங்கே சுமார் 35 லிட்டர் பாலுக்குச் சமம்! வாய் பிளக்கத் தோன்றுகிறது அல்லவா?

கொஞ்சம் பொறுங்கள். அங்கே சோறும் வாடகையும் அந்த ஊர் விலைதான். வரியும் உண்டு. ஒரே முதலாளியிடம் பொதுவாக 6 மாதத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது.

முதலாளி கையில் பிடி

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த 3 மாத வேலைக்குச் சான்று வேண்டும். அது முதலாளியிடமிருந்து வர வேண்டும். கூலியைக் குறைத்தாலும் பிள்ளை வாய் திறக்கத் தயங்குவான். பக்கத்து ஊர் நூறு மைல் தொலைவில் இருந்தால் எங்கே போவான்?

இது வீண் பயம் அல்ல. இதே போன்ற விசாவில் வந்தவர்களை ஆஸ்திரேலிய அரசின் தொழிலாளர் நலக் குறைதீர்ப்பு அலுவலகமே விசாரித்தது. அதன் அறிக்கை 2016-ல் வந்தது. மூன்றில் ஒருவருக்கு மேல், குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைக்கவில்லை என்றார்கள். வேலை கிடைக்க முன்பணம் கட்டியவர்களும் இருந்தார்கள். வந்தவர்களில் பலர் வெள்ளைக்கார நாட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கே அந்தக் கதி!

பிரிட்டன் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 2024 ஜூலை முதல் அந்த 3 மாத நிபந்தனை இல்லை. நம்மவர்களுக்கு உண்டு.

பெற்றோர் கவனிக்க!

“பணம் கொடுங்கள், குலுக்கலில் பெயர் விழச் செய்கிறேன்” என்று யாராவது வருவார்கள். நம்பாதீர்கள்! பெயர் கொடுக்க 25 டாலர்தான். நாமே இணையத்தில் கட்டலாம். தேர்வு செய்வது கம்ப்யூட்டர். அதற்குச் சிபாரிசு தெரியாது.

பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். பண்ணையின் முகவரி வீட்டில் இருக்க வேண்டும். வெளிநாட்டவருக்கும் அதே கூலிச் சட்டம்தான். குறை இருந்தால் அந்த அலுவலகத்தில் புகார் செய்யலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. இது பிழைப்புக்கான விசா அல்ல. சுற்றிப் பார்க்கும் விசா. கையில் மிச்சம் உள்ளவர் போகலாம். உலகத்தைப் பார்க்கலாம், உடல் உழைப்பைக் கற்கலாம். காணியை அடகு வைத்துப் போனால், திரும்பி வரும்போது காணியும் இராது, கறவையும் இராது.

மாடு மேய்ப்பது கேவலம் இல்லை என்று இப்போதாவது தெரிந்ததே! மாடு அங்கேயும் மாடுதான். சாணம் அங்கேயும் சாணம்தான். அங்கே மேய்ப்பவன் கூலிக்குச் சட்டம் காவல் நிற்கிறது. இங்கேயும் பாலுக்கும் உழைப்புக்கும் நல்ல விலை கிடைத்தால், நம் பிள்ளை கல்வராயன் மலையடியிலேயே தலை நிமிர்ந்து மாடு வளர்ப்பான்!