ஆசைக்கு நாயா, அன்புக்கு நாயா?

லாப்ரடார் நாயையும் பூடில் நாயையும் கலந்து உண்டாக்கிய சடை நாயை வளர்ப்பது இப்போது நாகரிகமாகி விட்டது. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் பிள்ளைகள் அதைக் கேட்டு அடம் பிடித்தால், பெற்றோர் சற்று யோசிக்க வேண்டும்.

ஹவாய்த் தீவில் கண் பார்வையற்ற ஒரு பெண்மணி. அவர் கணவருக்கோ நாய் ரோமம் ஒத்துக்கொள்ளாது. அவருக்கு வழிகாட்டி நாய் வேண்டும் என்றுதான் ஆஸ்திரேலியாவின் வாலி கான்ரன் 1989ல் இந்தக் கலப்பைச் செய்தார். நோக்கம் நல்லதே. ஆனால் பணத்தாசை பிடித்தவர்கள், தாய் தந்தை நாய்களின் ஆரோக்கியத்தைப் பாராமல் குட்டிகளைப் பெருக்கினார்கள். கான்ரனே 2019ல் இதற்காக வருந்தினார்.

அந்தச் சடையை அன்றாடம் சீவ வேண்டும். குற்றாலச் சாரலில் நனைந்து, உலராமல் கிடந்தால் தோல் நோய் வரும்.

வடக்கே இராஜபாளையம் இருக்கிறது. அவ்வூர் நாய்க்கு 2005ல் தபால்தலையே வெளிவந்தது. குட்டை ரோமம், சீக்கிரம் உலரும். ஆனால் அதையும் ஓட இடமில்லாத வீட்டில் கட்டிப்போடுவது பாவம்.

எந்தக் குட்டியானாலும் தாயைப் பார்த்து வாங்குங்கள். வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். பிள்ளையின் ஆசை ஒரு மாதம். நாயின் ஆயுளோ பத்துப் பன்னிரண்டு வருஷம். ஆசை தீர்ந்ததும் தெருவில் விட, அது பொம்மை அல்ல!