பிள்ளைபெற்றாள் மருந்தை எழுதி வைப்போம்

சிவாஜிநகர் கோஷா மருத்துவமனையிலோ பௌரிங் மருத்துவமனையிலோ நம் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் ஆனதும், வீட்டார் அடுத்துப் போவது ரஸ்ஸல் மார்க்கெட் பக்கத்து நாட்டு மருந்துக் கடைக்குத்தான். கன்னடத்தில் 'கிரந்திகே அங்கடி' என்பார்கள். "பிள்ளைபெற்றாள் மருந்து கொடுங்கள்" என்றால் ஒரு பொட்டலம் கைக்கு வந்துவிடும். அதில் என்னென்ன சரக்கு, எவ்வளவு என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

ஊரில் இந்தக் கேள்வியே எழவில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம் எல்லாவற்றையும் பாட்டியே வறுத்து இடித்து, வெல்லப் பாகில் நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறினார். அளவு அவர் கைக்குத் தெரியும். பிழைப்புத் தேடி வந்த நாம் லேகியத்தைக் கொண்டு வந்தோம். பாட்டியின் கையைக் கொண்டு வரவில்லை.

ஜப்பானியரைப் பாருங்கள். சீனத்திலிருந்து போய் அங்கே வேரூன்றிய மூலிகை மருத்துவத்துக்குக் 'கம்போ' என்று பெயர். பிரசவித்த பெண்ணின் களைப்புக்கும் மனச் சஞ்சலத்துக்கும் கொடுக்கும் 'கியூகி சொக்கெத்சு இன்' என்ற மருந்தில் 13 சரக்குகள். நம் சுக்குக்கு உறவான இஞ்சியும் அதில் உண்டு. சரக்கும் அளவும் அச்சில் இருக்கின்றன. 1976-இல் கம்போ மருந்துகள் பெருமளவில் அந்நாட்டு மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கப்பட்டன. மருத்துவர்களே எழுதிக் கொடுக்கிறார்கள்.

எழுதி வைப்பதன் பயன் 1996-இல் தெரிந்தது. கல்லீரல் நோய்க்குக் கொடுத்த 'ஷோசைகோத்தோ' என்ற கம்போ மருந்தைச் சாப்பிட்ட 88 பேருக்கு நுரையீரல் அழற்சி கண்டதும், 10 பேர் இறந்ததும் வெளியாயின. மருந்துக்குப் பெயரும் கணக்கும் இருந்ததால் அரசு எச்சரிக்கை விடுக்க முடிந்தது. "மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. பெயரில்லாத பொட்டலத்தால் தீங்கு நேர்ந்தால் நாம் யாரைக் கேட்பது?

"பாட்டி காலத்தில் யாருக்கு என்ன ஆயிற்று?" என்று சிலர் கேட்கலாம். பிரசவ அறையிலிருந்து திரும்பாத தாய்மார்களும் அதே காலத்தில்தான் இருந்தார்கள். லேகியத்தால் என்று சொல்ல வரவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று சாதிக்கவும் நம்மிடம் கணக்கில்லை.

லேகியத்தைக் கைவிட வேண்டாம். விவரம் அச்சிட்ட டப்பாவையோ, சரக்கைத் தனித்தனியாகவோ வாங்குங்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ள தாய்க்கு வெல்லப் பாகு லேகியத்தைக் கொடுக்குமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சலோ, மிகுந்த உதிரப்போக்கோ கண்டால் லேகியத்தை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நம் சங்கத்து மகளிர் அணிக்கு ஒரு வேண்டுகோள். முறை தெரிந்த மூதாட்டிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, கைப்பிடியைத் தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சித்த மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த பிரசவம் யார் வீட்டிலோ தெரியாது. அதற்குள் அந்த நோட்டுப் புத்தகம் தயாராக இருக்கட்டும்.