பாசிக்கும் ஒரு ஜாபிதா

மழைக்காலத்தில் கிணற்றடியிலும் பாறையிலும் பசேலென்று படர்ந்திருப்பதை யெல்லாம் நாம் 'பாசி' என்று ஒரே வார்த்தையில் சொல்லி, வழுக்கிவிடாமல் தாண்டிப் போகிறோம். தாவர சாஸ்திரிகளோ அதற்குள் தனித்தனிக் குலங்களைக் காண்கிறார்கள். ஈரலைப்போல் மடல் விரித்துத் தரையோடு படிந்திருப்பவை ஈரற்பாசிகளிற் பல. மெல்லிய கொம்பை நிமிர்த்தி, அது முற்றியதும் நுனியிலிருந்து இரண்டாகப் பிளந்து வித்துத்தூளைச் சிந்துவது கொம்புப்பாசி. இரண்டுக்கும் வேரில்லை, பூவில்லை. ஆண் அணு நீந்திச் சென்று கருமுட்டையை அடைய ஈரம் மட்டும் அவசியம் வேண்டும்.

இந்த எளிய ஜீவன்களைத் தேடி இமயமலை ஏறியவர், லாகூரில் பேராசிரியராயிருந்த சிவராம் காச்யப் (1882–1934). மேற்கு இமயம், பஞ்சாப் சமவெளி ஆகியவற்றின் ஈரற்பாசிகளைப் பற்றிய அவருடைய நூலின் முதற்பாகம் 1929-லும், சோப்ராவுடன் சேர்ந்து எழுதிய இரண்டாம் பாகம் 1932-லும் வெளிவந்தன. செவார்டியெல்லா, எய்ச்சிசோனியெல்லா, ஸ்டீபன்சோனியெல்லா என்னும் புதிய இனங்களை உலகுக்கு அறிவித்தவரும் அவரே. பெயர்கள் வெள்ளையரைக் குறிப்பவை. கண்டு சொன்ன கண்களோ நம்மவருடையவை!

காசுக்கு உதவாத பாசிக்கு ஜாபிதா எதற்கு என்று கேட்கலாம். கல்யாண வீட்டில் இரவல் பாத்திரத்துக்குக்கூட நாம் ஜாபிதா எழுதி வைக்கிறோம். எழுதாத பாத்திரம் தொலைந்தால் கேட்பாரில்லை. சாலைக்காகப் பாறையை உடைக்கும்போதும், மலையூற்று வற்றும்போதும், அங்கே என்ன இருந்தது என்று எழுதி வைத்திருந்தால்தானே எதை இழந்தோம் என்பது நமக்குத் தெரியும்?