மண்ணைச் சூடேற்றும் வீண்விரயம்

பிரித்தானியாவின் பழைய வீடுகளில் தரைக்கு அடியில் வெப்பமூட்டும் அமைப்பைப் பதிக்கும் ஆர்வம் இன்று பெருகியுள்ளது. குளிர்காலத்திலும் வெறுங்காலுடன் நடக்கலாம், சுவரிலுள்ள ரேடியேட்டர்களை அகற்றிவிடலாம் என்று விற்பனையாளர்கள் ஆசை காட்டுகின்றனர். இந்த வசதியை நாம் வெறுக்கவில்லை. முதியவரும் தவழும் குழந்தையும் வாழும் வீட்டில் கதகதப்பான தரை ஓர் அருட்கொடையே. ஆனால், வெப்பக் காப்பு இல்லாத தரையில் அதைப் பதிப்பதை வீண்விரயம் என்றே சொல்வோம்.

இது புதிய அற்புதமும் அன்று. உரோமர்கள் இதே பிரித்தானியாவில் தம் மாளிகைகளின் தரையைச் சிறு தூண்கள்மீது உயர்த்தி, அடியில் உலைச்சூட்டைச் செலுத்தினர். உமையாக்கள் காலத்தில் எழுந்த ஜோர்தானின் குஸைர் அம்ரா குளியல் மாளிகையிலும் அம்முறையைக் காணலாம். விறகுச் செலவைப் பற்றி மாளிகைவாசிகள் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். மாதச் சம்பளத்தில் வாழும் நாம் எண்ணிப் பார்த்தே ஆகவேண்டும்.

1919க்கு முன் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில் தரை என்பது மரச் சட்டங்களின் மேல் அடித்த பலகைகளே. அவற்றுக்கு அடியில் வெளிக்காற்று உலவும் வெற்றிடம் உண்டு. அங்கே காப்பின்றிக் குழாயையோ மின்கம்பியையோ பதித்தால், வெப்பம் மேலே வருவதோடு கீழேயும் இறங்கும். நாம் காசு கொடுத்துச் சூடேற்றுவது அறையையா, மண்ணையா? மேலே தடித்த கார்பெட்டை விரித்தால் இழப்பு இன்னும் கூடும். குளிரைத் தடுக்கிறோம் என்று சுவரின் காற்றுத் துளைகளை அடைப்போரும் உளர். ஈரம் தங்கி அந்த மரச் சட்டங்களே இற்றுப்போகும்.

"மின்பாய் மலிவானது, விரைவில் பதித்துவிடலாம்" என்பர். பதிக்கும் செலவு குறைவுதான். இயக்கும் செலவு? அந்நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை எரிவாயுவினுடையதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. சிறிய குளியலறைக்கு மின்பாய் பொருந்தும்; வீடு முழுவதும் விரித்தால் கட்டணச் சீட்டே குடும்பத்தை நடுங்கவைக்கும். சுடுநீர்க் குழாய் முறைக்கு ஒரு சிறப்பு உண்டு. ரேடியேட்டர்களுக்கு வழக்கமாக 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை சூடான நீர் செல்லும். இதற்கு 35 முதல் 45 டிகிரி போதும். ஹீட் பம்ப் சிக்கனமாக இயங்குவதும் இத்தகைய மிதமான சூட்டில்தான். வெப்பம் கசியும் தரையோ அச்சிறப்பையே அழித்துவிடுகிறது.

ஆகவே, வரிசையை மாற்றாதீர்கள். முதலில் பலகைகளைக் கழற்றி, சட்டங்களுக்கு இடையே காப்புப் பொருளை நிரப்புங்கள். காற்றுத் துளைகளைத் திறந்தே வையுங்கள். கதவு, ஜன்னல் இடுக்குகளைச் சீர்செய்யுங்கள். அதன்பின் ஒவ்வோர் அறையின் வெப்ப இழப்பையும் கணக்கிடச் சொல்லுங்கள். வசிக்கும் பகுதியில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பியத் தர நெறி. அவ்வரம்புக்குள் அறை சூடேறாது எனில், அங்கே தரைச்சூடு மட்டும் போதாது. கணக்கிட மறுக்கும் ஒப்பந்தக்காரரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். காப்பு செய்தபின் பழைய ரேடியேட்டரே போதும் என்று கண்டறியும் குடும்பங்களும் இருக்கும். மிச்சமாகும் பணம் வீட்டாரின் உரிமை. அதை மண்ணில் இறைக்க நமக்கு உரிமையில்லை.