பெரிய டப்பா மாத்திரை

1/ வெள்ளகோவில் ஓபி. காய்ச்சல்னு வந்த ஒரு அம்மா பையிலிருந்து பெரிய டப்பா ஒண்ணை எடுத்தாங்க. "பையன் அமெரிக்காவுல இருந்து கொண்டு வந்ததுங்க டாக்டர். மூட்டுவலிக்கு நாளைக்கு ஆறு போடறேன்." அசெட்டமினோஃபென் 500 மி.கி., 500 மாத்திரை.

2/ கோஸ்ட்கோ கடையில வருஷத்துக்கு 65 டாலர் கட்டி உறுப்பினர் ஆகணும். பெரும்பாலும் எல்லாமே பெரிய பேக், விலை மலிவு. கட்டின காசுக்கு ஈடா அள்ளணும்னு மனசு சொல்லும். அரிசிக்கு அது சரி. மாத்திரைக்குச் சரியில்லை.

3/ அசெட்டமினோஃபென் வேற ஒண்ணுமில்லை, நம்ம பாராசிட்டமால்தான். டப்பாவைப் பார்க்காம நான் நாலு எழுதியிருந்தா மொத்தம் 5 கிராம். ஆரோக்கியமான பெரியவங்களுக்கே நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. கல்லீரல் கோளாறு, குடிப்பழக்கம் இருந்தா இன்னும் குறைவு. தாண்டினா கல்லீரல் கெடும். முதல் நாள் பெரிசா அறிகுறியே தெரியாது.

4/ ஊருக்கு வர்ற தம்பி தங்கச்சிகளே, பாசம் புரியுது. பாதாம் வாங்கிட்டு வாங்க, சாக்லேட் வாங்கிட்டு வாங்க. மாத்திரை வேண்டாம். பாராசிட்டமால் அரசு ஆஸ்பத்திரியில இலவசம்.

5/ வீட்டுல ஏற்கெனவே டப்பா இருக்கா? அடுத்த தடவை டாக்டர்கிட்ட போறப்ப அதையும் கையோட எடுத்துட்டுப் போங்க. அந்த அம்மா அதைத்தான் செஞ்சாங்க. தப்பிச்சாங்க.