லிட்டருக்கு 32 கிலோமீட்டர் கொடுக்கும் சூப்பர் கார்!

ஒரு கேள்வி. 887 குதிரைத்திறன், மணிக்கு 345 கிலோமீட்டர் டாப் ஸ்பீடு, சீட்டுக்குப் பின்னால் ரேஸ் கார் பரம்பரையில் வந்த 4.6 லிட்டர் வி8 இன்ஜின். இந்தக் கார் என்ன மைலேஜ் கொடுக்கும்னு நினைக்கிறீங்க? ஐரோப்பிய சர்டிஃபிகேட்படி 100 கிலோமீட்டருக்கு 3.1 லிட்டர். நம்ம ஊர்க் கணக்கில் லிட்டருக்கு 32. சில பைக் கூட இவ்வளவு கொடுக்காது!

கார் பேரு போர்ஷே 918 ஸ்பைடர். 2013 செப்டம்பரில் தயாரிப்பைத் தொடங்கி, பேருக்கேத்த மாதிரி சரியா 918 கார் மட்டும் செஞ்சு, 2015இல் நிறுத்திட்டாங்க. பெட்ரோலும் போடலாம், பிளக்கில் சார்ஜும் போடலாம். நம்ம காலேஜில் இந்த மாதிரி காரைப் பத்தி ரெண்டு கோஷ்டி பேசும். "வேகமும் உண்டு, சுற்றுச்சூழலுக்கும் நல்லது" என்று செமினார் ஸ்லைடு போடும் கோஷ்டி ஒண்ணு. "பேட்டரியைத் திணிச்சு நல்ல காரைக் கெடுத்துட்டானுங்க" என்று புலம்பும் மெக் கோஷ்டி இன்னொண்ணு. நானும் மெக்தான். ஆனாலும் ரெண்டு கோஷ்டியோடும் எனக்குச் சண்டை இருக்கு.

முதல்ல அந்த 32. அப்போதைய ஐரோப்பிய விதி, பிளக்-இன் காரை ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணச் சொன்னது. பேட்டரி ஃபுல்லா இருக்கும்போது ஒண்ணு, காலியா இருக்கும்போது ஒண்ணு. பிறகு ரெண்டுக்கும் சராசரி. அதில் ஒரு அனுமானம் ஒளிஞ்சிருக்கு: கரண்டில் ஓடக்கூடிய தூரம் முடிஞ்ச பிறகு, ஓட்டுறவர் வெறும் 25 கிலோமீட்டர் மட்டும் பெட்ரோலில் ஓட்டிட்டு, மறுபடி சார்ஜ் போட்டுடுவாராம். உதாரணத்துக்கு, கரண்டில் 25 கிலோமீட்டர் ஓடுற ஒரு கார், பெட்ரோலில் 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடிக்குதுன்னு வைங்க. ஃபார்முலாவில் போட்டா 5 லிட்டர் என்று வரும். இன்ஜினில் ஒரு போல்ட்டைக் கூடத் தொடாமலே மைலேஜ் டபுள்! அதே 918ஐ அமெரிக்காவின் இ.பி.ஏ. பெட்ரோலில் மட்டும் அளந்தபோது கேலனுக்கு 22 மைல், அதாவது லிட்டருக்கு 9 கிலோமீட்டர் சொச்சம்தான் வந்தது.

இது சூப்பர் காருக்கு மட்டும் உள்ள கூத்து இல்லை. 2021இல் பதிவான சாதாரண பிளக்-இன் கார்களின் நிஜ ஓட்டத்தை ஐரோப்பிய ஆணையம் திரட்டிப் பார்த்து 2024இல் அறிக்கை கொடுத்தது. சர்டிஃபிகேட்டில் இருக்கிற கார்பன் அளவைப் போல சராசரியா மூன்றரை மடங்கு நிஜத்தில் வெளியே வந்திருக்கு. அந்த அறிக்கைக்கு முன்னாடியே விதியை இறுக்கவும் முடிவு பண்ணிட்டாங்க. அதனால ஸ்லைடு போடும் நண்பர்களே, "ஈகோ ஃபிரெண்ட்லி" என்ற அந்த பச்சை இலைப் படத்தை தயவுசெய்து எடுத்துடுங்க.

அப்போ பேட்டரி எதுக்கு? இங்கேதான் மெக் கோஷ்டி கவனிக்கணும். 918இன் பேட்டரியில் 312 செல், மொத்தம் 6.8 கிலோவாட் அவர். எடை நூறு கிலோவைத் தாண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 கிலோவாட் அவர் எனர்ஜி இருக்கு. ஆக, இந்தப் பெரிய பெட்டி மொத்தமும் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கூட ஈடில்லை! டேங்காகப் பார்த்தா இது சுத்த வேஸ்ட். ஆனா இதை எனர்ஜிக்காக வைக்கலை, பவருக்காக வெச்சாங்க. பின்னாடி 115 கிலோவாட் மோட்டார், முன் சக்கரங்களுக்குத் தனியா 95 கிலோவாட் மோட்டார். இன்ஜினிலிருந்து முன்னாடி போக ஷாஃப்ட்டே கிடையாது, நடுவில் இருக்கிறது சாஃப்ட்வேர் மட்டும்தான்.

இன்ஜின் தன் முழு 608 குதிரைத்திறனைத் தொட 8,700 ஆர்பிஎம் வரைக்கும் ஏறணும். டர்போ இல்லாத இந்த மாதிரி இன்ஜின் கீழ் ஆர்பிஎம்மில் கொஞ்சம் சோம்பேறிதான். மோட்டாருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை, பூஜ்ஜியத்திலிருந்தே டார்க் கொடுக்கும். கீழே மோட்டார் பார்த்துக்கும் என்பதால் மேலே கத்தட்டும்னு இன்ஜினை அவிழ்த்து விட முடிஞ்சது. பேட்டரி இந்த இன்ஜினைக் கெடுக்கலை நண்பா, இப்படி ஒரு இன்ஜினை ரோட்டுக்குக் கொண்டுவர இடம் கொடுத்ததே அதுதான்.

எடை ஏறியது உண்மை. இதுக்கு முந்தின கரேரா ஜிடி 1,380 கிலோ, 918 அதைவிட முந்நூறு கிலோ கிட்ட அதிகம். ஏறின எடையை எங்கே வெச்சாங்க என்பதுதான் எனக்கு இந்தக் காரிலேயே ரொம்பப் பிடிச்ச விஷயம். கனமான பாகம் எதுவானாலும் கீழே, நடுவிலே. புவியீர்ப்பு மையம் இன்னும் இறங்கணும்னு கியர்பாக்ஸைத் தலைகீழாவே கவிழ்த்து மாட்டியிருக்காங்க! இன்னொரு தலைவலி சூடு. லித்தியம் செல்லுக்கு 20இலிருந்து 40 டிகிரி இருந்தா சுகம். பக்கத்திலேயே பல நூறு டிகிரியில் கொதிக்கிற எக்ஸாஸ்ட். வழக்கம்போல பைப்பைக் கீழே வளைச்சுப் பின்னால் கொண்டுபோனா பேட்டரி வெந்துடும். அதனால வி8இன் நடு இடுக்கிலிருந்து நேரா மேலே, ஓட்டுறவர் தலைக்குப் பின்னால் ரெண்டு குழாயை வெளியே விட்டாங்க. போட்டோவில் பார்த்து "சீன் போடுறான்" என்று நினைச்சிருப்பீங்க. அது தெர்மல் மேனேஜ்மென்ட்.

2013 செப்டம்பர் 4 அன்று மார்க் லீப் இந்தக் காரை நூர்பர்க்ரிங்கின் 20.6 கிலோமீட்டர் சுற்றில் 6 நிமிடம் 57 விநாடியில் ஓட்டி முடிச்சார். இப்போ கால்குலேட்டரை எடுங்க. ரெண்டு மோட்டாரும் சேர்ந்து 210 கிலோவாட். 6.8ஐ 210ஆல் வகுத்தா, முழு மூச்சில் ரெண்டு நிமிஷத்துக்குள் பேட்டரி காலி. சுற்றோ ஏழு நிமிஷம்! மீதி எங்கிருந்து வருது? பிரேக்கிலிருந்து. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாடியும் மோட்டாரே ஜெனரேட்டராகி வேகத்தைத் திரும்ப செல்லுக்குள் தள்ளுது. எவ்வளவு தள்ளணும், வெளியே வரும்போது எவ்வளவு செலவழிக்கணும் என்று கண்ட்ரோலர் கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும். பெடலை மிதிக்கிற காலுக்கு மட்டும் எது மோட்டார் பிரேக், எது டிஸ்க் பிரேக்னு தெரியக் கூடாது. அதை எழுதின கண்ட்ரோல்ஸ் டீம்தான் என்னைப் பொறுத்தவரை நிஜ ஹீரோ, ஆனா போஸ்டரில் அவங்க இருக்க மாட்டாங்க.

இதே கணக்கை அதே காலத்து மெக்லாரன் பி1க்கும் போட்டுப் பார்த்தேன். அது டர்போ இன்ஜின், பின் சக்கரம் மட்டும், ஒரே மோட்டார், வேற நாடு, வேற டீம். பேட்டரி 4.7 கிலோவாட் அவர், மோட்டார் சுமார் 132 கிலோவாட். வகுத்துப் பாருங்க. அங்கேயும் ரெண்டு நிமிஷம் சொச்சம்தான்.