சின்ன விமானம்தானே!



சில ஆண்டுகளுக்கு முன் என் பேத்தியுடன் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு விமானத்தில் போனேன். அவளுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். படத்தில் பார்த்த மாதிரி பெரிய ஜெட் நிற்கும் என்று நினைத்து வந்தவள், இரண்டு பக்கமும் விசிறி வைத்த சின்ன விமானத்தைக் கண்டதும் முகம் வாடிப்போனாள். ஏறும்போது என் காதோரம் கேட்டாள்: "தாத்தா, இதை ஓட்டுறவரு பரீட்சையில பெயிலானவரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. ஆசிரியர் பயிற்சி முடித்து, காலமெல்லாம் சின்ன வகுப்புகளுக்கே பாடம் நடத்தியவன் நான். "மூணாங்கிளாஸ் வாத்தியார்தானே!" என்று என்னையும் கேட்டிருக்கிறார்கள்.

நாங்கள் போனது ஏ.டி.ஆர். 72 என்ற விமானம். பிரான்ஸ் நாட்டின் துலூஸ் நகரில் தயாராவது. எழுபது, எழுபத்தெட்டு பேர் உட்காரலாம். பெரிய விமானத்துக்கு வேண்டிய நீளமான ஓடுபாதை இதற்குத் தேவையில்லை. அதனால்தான் சிறிய ஊர்களுக்கு இதை விடுகிறார்கள். சிறிய ஊர்களை விமானத்தால் இணைக்கும் 'உடான்' திட்டத்தின் முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவுக்கும் டெல்லிக்கும் இடையே பறந்ததே, அது இதன் தம்பி, ஏ.டி.ஆர். 42.

இந்தச் சின்ன விமானத்தின் முன்பக்கத்தில் இரண்டு இருக்கைகள். இடப்பக்கம் கேப்டன். வலப்பக்கம் துணை விமானி. புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கு அந்த வலப்பக்க இருக்கைதான். நம் நாட்டில் சிலர் நேராக ஜெட் விமானத்திலேயே துணை விமானியாகச் சேர்வதும் உண்டு. ஆனால், சின்ன விமானத்தில் இடம் கிடைத்தவர் முகம் வாட வேண்டியதில்லை. ஏன் தெரியுமா?

சென்னையிலிருந்து லண்டனுக்குப் போகும் விமானி பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்தாலும் ஒரு முறைதான் ஏறுகிறார், ஒரு முறைதான் இறங்குகிறார். சின்ன விமானத்து விமானியோ ஒரே நாளில் நான்கு முறை ஏறி இறங்குவார். ஜெட் விமானங்கள் மழை மேகத்துக்கு மேலே உயரத்தில் போய்விடும். ஏ.டி.ஆர். 25,000 அடிக்கு மேல் போகாது. மேகத்துக்கு நடுவே வழி பார்த்துப் போக வேண்டும். பெரிய ஜெட்டுகளில் எஞ்சினின் வேகத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் கருவி உண்டு. இதில் அது கிடையாது. விமானியின் கைதான் செய்ய வேண்டும். இப்போது சொல்லுங்கள், பெயிலானவருக்கா இதைக் கொடுப்பார்கள்?

இந்த இருக்கைக்கு வர என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், கணிதம் படித்திருக்க வேண்டும் என்பது நீண்டகால விதி. மற்ற பிரிவினருக்கும் கதவைத் திறக்கலாமா என்ற யோசனை 2025ல் எழுந்தது. வணிக விமானி உரிமம் பெற 18 வயது நிரம்ப வேண்டும். 200 மணி நேரம் பறந்து பழக வேண்டும். வானிலை, வழி காணுதல், விமானச் சட்டம் என்று தேர்வுகள் உண்டு. பள்ளியில் 35 எடுத்தால் பாஸ். அங்கே 70 எடுக்க வேண்டும்! கண்ணாடி போட்டவர்கள் பயப்பட வேண்டாம். கண்ணாடியுடன் பார்வை சரியாக இருந்தால், குறிப்பிட்ட அளவுக்குள் அனுமதி உண்டு.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. இந்தப் படிப்புக்குப் பல லட்சம் ரூபாய் செலவாகும். உரிமம் வாங்கிய அன்றே வேலை கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. வீட்டை அடகு வைப்பதற்கு முன், பிள்ளைக்கு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். பணம் கட்டிய பிறகு 'தகுதியில்லை' என்று தெரியவந்தால் அந்தப் பிள்ளை உடைந்துபோகும்.

இனி நான் சொல்லப்போவது கொஞ்சம் வருத்தமான செய்தி. ஆனாலும் விமானியாக நினைப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது.

2009 பிப்ரவரி 12 இரவு. அமெரிக்காவில் பஃபலோ நகரில் இறங்க வந்துகொண்டிருந்தது கோல்கன் ஏர் என்ற வட்டார நிறுவனத்தின் விமானம். இதுவும் விசிறி வைத்த விமானம்தான். துணை விமானி 24 வயதுப் பெண். முந்தைய இரவு முழுவதும் வேறு விமானங்களில் பயணியாக வந்து வேலைக்குச் சேர்ந்தவர், சளியும் பிடித்திருந்தது. 10,000 அடிக்குக் கீழே வந்துவிட்டால் விமானிகள் வெட்டிப் பேச்சு பேசக்கூடாது என்பது விதி. அன்று பேச்சு நிற்கவில்லை. வேகம் குறைந்ததை இருவருமே கவனிக்கவில்லை. ஓட்டும் கைப்பிடி நடுங்கி எச்சரித்தது. அப்போது விமானத்தின் மூக்கைத் தாழ்த்த வேண்டும். கேப்டன் பதறி, கைப்பிடியை இழுத்து மேலே தூக்கிவிட்டார். விமானத்தில் இருந்த 49 பேரும், அது விழுந்த வீட்டில் இருந்த ஒருவரும் இறந்துபோனார்கள்.

கேப்டன் செய்த தவறே காரணம் என்றது விசாரணை. இருவரும் களைத்திருக்கக்கூடும் என்றும் சொன்னது. அதன் பிறகு அங்கே விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர, பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. இதில் ஒரு வேடிக்கை: அன்று ஓட்டிய இருவருமே அதைவிட அதிக நேரம் பறந்தவர்கள்!

அதனால் மணிக்கணக்கு மட்டும் போதாது என்பது என் எண்ணம். புதிதாகச் சேரும் இளைஞருக்குத் தூங்க இடமும், போதிய சம்பளமும், ஓய்வும் கொடுக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. நம் நாட்டிலும் விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக உயர்த்தும் விதி 2025 ஜூலையில் வந்தது. அதே சமயம், "ஐயா, எனக்கு உடம்பு சரியில்லை, இன்று ஓட்ட மாட்டேன்" என்று சொல்லும் துணிச்சல் விமானிக்கும் வேண்டும். அது ஒரே நாளில் வராது. வகுப்பில் புரியாதபோது தலையாட்டாமல், "சார், புரியவில்லை" என்று எழுந்து சொல்கிறீர்களே, அங்கேயே அது தொடங்குகிறது.

தூத்துக்குடியில் இறங்கி நடக்கும்போது பேத்தி திரும்பிப் பார்த்தாள். சீருடைக்கு மேல் மின்னும் சட்டை போட்ட ஓர் இளம்பெண், கையில் டார்ச்சுடன் விமானத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து விசிறியைப் பார்த்தார்.

"யாரு தாத்தா அந்த அக்கா?"

"துணை விமானிம்மா. திரும்பிப் போறதுக்கு முன்னாடி எல்லாம் சரியா இருக்கான்னு பாக்கறாங்க."

"நான் சைக்கிள் எடுக்கும்போது காத்து இருக்கான்னு பாப்பேனே, அது மாதிரியா?"

"அதே மாதிரிதான்" என்றேன்.